தீபன் உறங்கினானா?

ஒரு திரைப்படத்தை உறக்க விஞ்ஞானத்தின் வெளிச்சத்தில் காணும் விமரிசனம்

எங்கள் எடமலைப்பட்டி புதூருக்கு வந்து ஓரிரவு தங்கும் விருந்தினர்கள் மறுநாள் காலையில் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இந்த ரயில் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறீர்கள்?" திருச்சி சந்திப்புக்கு அருகிலுள்ள பகுதி இது. இரவிலும் வண்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் இங்கேயே குடியிருப்பவர்களுக்கு அந்த ஓசை கேட்பதேயில்லை. காது செவிடாகிவிட்டதா? இல்லை. கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு மூடி கிடையாது. உறங்கும்போதும் ஓசை மூளைக்குப் போய்ச் சேரத்தான் செய்கிறது. "இது தெரிந்த ஓசைதான், ஆபத்தில்லை" என்று மூளை தீர்ப்புச் சொல்லி, நம்மை எழுப்பாமல் விட்டுவிடுகிறது. அதே வீட்டில், ரயிலோசைக்கு முன்னால் ஒன்றுமேயில்லாத குழந்தையின் சிணுங்கல் தாயை எழுப்பிவிடுகிறது. எழுப்புவது ஓசையின் வலிமை மட்டுமன்று. அந்த ஓசைக்கு மூளை கொடுக்கும் பொருளும்தான்.

ஆக, உறங்கும் மூளையிலும் ஒரு காவற்காரன் விழித்திருக்கிறான். எதற்கு எழுப்ப வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அவனுக்குத் தெரியும். அந்தக் காவற்காரன் எந்த ஓசையையுமே நம்ப மறுத்துவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் ஒரு மாணவர். காலை முதல் பாடவேளையில் அவர் அடிக்கடி கண்ணயர்ந்துவிடுவார். ஒருநாள் பொறுமையிழந்து, "ராத்திரி போனை ஓரமாக வைத்துவிட்டுச் சீக்கிரம் தூங்கு தம்பி" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். வகுப்பு முடிந்தபின் அவர் வந்து தயக்கத்தோடு சொன்னார்: "போன் இல்லை சார். அப்பா ராத்திரியில் கத்திக்கொண்டு எழுந்துவிடுவார். அப்புறம் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பகலில் அப்பா நல்லாத்தான் சார் இருப்பார்." ஈழப் போரின்போது கடல் கடந்து வந்து, தமிழ்நாட்டு முகாமில் வாழும் குடும்பம் அது.

"பகலில் நல்லாத்தான் இருப்பார்" என்ற அந்த வாக்கியம் என்னை விட்டு நீங்கவில்லை. அதன்பின் 'தீபன்' என்ற திரைப்படத்தை மீண்டும் பார்த்தபோது, முன்பு நான் வியந்து பாராட்டிய அந்தப் படத்தில் ஒரு பெரிய குறை கண்ணில் பட்டது. அந்தக் குறை படத்துக்கு மட்டும் உரியதன்று. நம் எல்லோருக்கும் உரியது. ஆகவேதான் ஒரு விஞ்ஞான இதழில் திரைப்பட விமரிசனம் எழுதத் துணிந்தேன்.

படம் காட்டுவது என்ன?

'தீபன்' பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் எடுத்த படம். 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த பரிசாகிய தங்கப் பனை விருதைப் பெற்றது. பிரெஞ்சுப் படமானாலும் உரையாடலில் பெரும்பகுதி தமிழே. தீபனாக நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன் வேறு யாருமல்லர். ஷோபாசக்தி என்ற பெயரில் 'கொரில்லா' முதலிய நாவல்களை எழுதியவர். இளம்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் விலகி, பிரான்சில் அகதியாகக் குடியேறியவர். யாழினியாகச் சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன் நடித்திருக்கிறார்.

கதை சுருக்கமானது. போரில் தோற்று, மனைவி மக்களையும் இழந்த ஒரு போராளி தன் சீருடையைத் தீயில் இடுகிறான். இறந்துபோன 'தீபன்' என்பவனின் கடவுச்சீட்டு அவனுக்குக் கிடைக்கிறது. முன்பின் அறியாத ஒரு பெண்ணும், தாயற்ற ஒரு சிறுமியும் அவனுடைய மனைவி, மகளாக நடிக்க, மூவரும் பிரான்ஸ் போய்ச் சேருகிறார்கள். பாரிசின் புறநகரில், போதைப்பொருள் விற்கும் கும்பல்கள் நடமாடும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது. ஓடிவந்த போர் வேறு உருவத்தில் வாசலில் நிற்கிறது.

படத்தின் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அகதியைக் கண்ணீர்ப் பொம்மையாக அது காட்டவில்லை. உடைந்த மின்தூக்கியைப் பழுதுபார்க்கும் கைகளில் அவனுடைய தன்மானத்தைக் காட்டுகிறது. குடியிருப்பில் துப்பாக்கி வெடித்ததும் யாழினி, மற்ற இருவரையும் விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாளே, அது உண்மை. அஞ்சிய உடம்பு யோசிப்பதற்கு முன்பே ஓடிவிடும். தீபன் தரையில் வெள்ளைக் கோடு வரைந்து, இதற்குள் யாரும் சுடக்கூடாது என்கிறானே, அதுவும் ஆழமான காட்சி. 2009இல் வன்னியில் 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்ததும் கலங்கிப்போவார்கள்.

படம் காட்டாதது என்ன?

இவ்வளவும் விழித்திருக்கும் மனிதனின் கதை. உறக்கத்தைப் பற்றி அதில் என்ன இருக்கிறது? இருளில், இலைகளுக்கிடையே ஒரு யானை மெல்லத் தோன்றுகிறது. அது கனவா, நினைவா, குறியீடா என்பதைப் படம் நமக்கே விட்டுவிடுகிறது. காட்சி அழகானது. ஆனால் மனவடு பட்டவர்களின் இரவில் வருவது இவ்வளவு அழகான யானை அன்று.

படம் மனவடுவை ஒரு வெடிகுண்டாகக் கருதுகிறது. உள்ளே புதைந்திருக்கிறது, யாராவது மிதித்தால் வெடிக்கும். கடைசியில் யாழினி கும்பலிடம் சிக்கிக்கொண்டதும் குண்டு வெடிக்கிறது. தீபன் கத்தியை எடுக்கிறான். புகைக்கு நடுவே வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் மாடியேறுகிறான். அடுத்த காட்சி இங்கிலாந்து: அமைதியான வீடு, தோட்டம், கைக்குழந்தை. வெடித்துத் தீர்ந்தது, நோயும் தீர்ந்தது என்பதுபோல் படம் முடிகிறது.

"சினிமா மருத்துவ நூலா? உறங்குகிறவனை எவ்வளவு நேரம் காட்டுவது?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது முடியாத காரியமன்று. இஸ்ரேலிய இயக்குநர் ஆரி ஃபோல்மன் 2008இல் எடுத்த 'வால்ட்ஸ் வித் பஷீர்' என்ற படம் ஒரு கெட்ட கனவோடுதான் தொடங்குகிறது. 26 நாய்கள் வெறியோடு ஓடி வருகின்றன. ஏன் 26? லெபனான் போரில், படை வருவதை ஊருக்குக் குரைத்துச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக அந்த வீரன் சுட்டுக் கொன்ற நாய்களின் எண்ணிக்கை அது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் கணக்குப் பிசகாமல் கனவில் வருகின்றன. அந்தப் படம் இரவிலிருந்து பகலுக்கு வருகிறது. 'தீபன்' பகலிலேயே நின்றுவிடுகிறது.

உறக்கம் ஓய்வு மட்டும்தானா?

இந்தக் குறை ஏன் பெரிது என்பதை அறிய, உறக்கத்தில் மூளை என்ன செய்கிறது என்று சற்றே காண்போம்.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 வரை அதிரும் அலைகள் தோன்றுகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அவை நொடிக்கு நான்குக்கும் குறைவான, உயரமான, சோம்பலான அலைகளாகின்றன. கடற்கரையில் சிற்றலைகள் அடங்கிப் பேரலைகள் மெல்ல வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் ஒரு வியப்பைக் கண்டறிந்தார்கள். உறக்கத்தின் சில பகுதிகளில் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைகின்றன. அப்போது மூளையலைகள் ஏறக்குறைய விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே இருக்கின்றன. உடலின் தசைகளோ தளர்ந்து கிடக்கின்றன. அந்நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவு கண்டதாகச் சொன்னார்கள். 'விரைவிழி அசைவு உறக்கம்' எனப்படும் இதை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரெம்' உறக்கம் என்பர். ஓர் இரவில் ஆழ்ந்த உறக்கமும் ரெம் உறக்கமும் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிமாறி வருகின்றன. விடியலை நெருங்க நெருங்க ரெம் பகுதி நீளுகிறது.

ரெம் உறக்கத்தின் வேலைகளில் ஒன்று நமக்கு இங்கே முக்கியம். மூளைத் தண்டில் 'நீலப் புள்ளி' என்று பொருள்படும் ஒரு சிறு நரம்புத் தொகுதி உண்டு. ஆபத்து வேளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து மூளை முழுவதையும் உஷார்ப்படுத்துவது அதுதான். விலங்குகளில் அளந்து பார்த்தபோது, ரெம் உறக்கத்தில் இந்த நீலப் புள்ளி ஏறக்குறைய ஓய்ந்துவிடுவது தெரிந்தது. அதாவது, அபாய மணியைக் கழற்றி வைத்துவிட்டு, மூளை அன்றைய நினைவுகளைப் புரட்டிப் பார்க்கிறது. அஞ்சத்தக்க நினைவுகளிலிருந்து அச்சத்தின் கூர்மை மெல்ல மழுங்குவதற்கு இந்த அமைதி தேவை என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். "இந்த ஓசை முன்பு ஆபத்து; இப்போது ஆபத்தில்லை" என்று புதிதாகக் கற்றுக்கொள்வதற்கு ரெம் உறக்கம் உதவுகிறது என்பதை எலிகளிடமும் மனிதர்களிடமும் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. எடமலைப்பட்டி புதூரின் காவற்காரனுக்கு ரயிலோசையோடு சமாதானம் ஏற்பட்டதைப் போன்ற ஒரு பாடம்தான் இதுவும்.

மனவடு பட்டவர்களிடமோ இரவிலும் உஷார் நிலை தணிவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. மணி அடித்துக்கொண்டேயிருக்கும்போது நினைவைப் புரட்டினால் என்ன ஆகும்? அச்சம் மழுங்குவதற்குப் பதிலாக, நடந்தது நடந்தபடியே திரும்ப வருகிறது. அலறிக்கொண்டு விழிக்கிறார். ரெம் உறக்கம் துண்டு துண்டாகிறது. பாடம் பாதியில் நிற்கிறது. மறுநாள் இரவு அதே பாடம் முதலிலிருந்து.

வாலா, வேரா?

'மனவடு' என்ற சொல்லை இங்கே விளக்கிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிகழ்ச்சியில் சிக்கியவர்களுக்கும், அதை நேரில் கண்டவர்களுக்கும் பின்னால் நெடுநாள் நீடிக்கும் மன நோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதை ஈழத்து மருத்துவர்கள் அழகான ஒரு சொல்லால் மனவடு என்றார்கள். யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அந்த அனுபவத்தைத் தொகுத்து 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் உலகெங்கும் படிக்கப்படுகிறது.

நோய்ப் பட்டியலில் உறக்கத்துக்குக் கிடைத்த இடம் விசித்திரமானது. கெட்ட கனவு ஒரு பிரிவில். உறக்கமின்மை வேறொரு பிரிவில். இரண்டும் பல அறிகுறிகளுக்கிடையே இரு அறிகுறிகள். இதனால் பல காலம் ஓர் எண்ணம் நிலவியது: "நோயைக் குணப்படுத்து; உறக்கம் தானே வரும்." நோய் மாடு, உறக்கமின்மை அதன் வால். 'தீபன்' இயக்குநரின் எண்ணமும் இதுவே. பகையை வென்றான், நல்ல நாட்டுக்குப் போனான், இனி நன்றாகத் தூங்குவான்!

இந்த எண்ணத்தை ஆராய்ச்சிகள் ஒவ்வொன்றாக அசைத்திருக்கின்றன. 1989இல் ராஸ் என்பவரும் சக ஆய்வாளர்களும், உறக்கக் கோளாறே மனவடுவின் முத்திரை அடையாளம் என்று எழுதினார்கள். 2002இல் இஸ்ரேலில், சாலை விபத்தில் காயமுற்றவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். விபத்துக்குப் பின் முதல் மாதங்களிலேயே உறக்கம் கெட்டவர்களில்தான் ஆண்டின் முடிவில் மனவடு அதிகம் காணப்பட்டது. அதே 2002இல் அமெரிக்காவில் மெல்மன் குழுவினர், காயமுற்ற சில நாள்களிலேயே எவருடைய ரெம் உறக்கம் துண்டு துண்டாகியிருந்ததோ அவர்களே பின்னர் மனவடுவுக்கு ஆளானார்கள் என்று கண்டார்கள். 2010இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போயிற்று: விபத்துக்கு முன்பே உறக்கம் சரியில்லாதிருந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 2004இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. மனவடுவுக்குப் பேச்சு முறைச் சிகிச்சை பெற்று, நோய் நீங்கியதாகக் கணிக்கப்பட்டவர்களைக் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உறக்கமின்மை நீங்கவேயில்லை. மாடு போய்விட்டது, வால் மட்டும் நிற்கிறது! அப்படியானால் அது வால் அன்று.

அதற்காக உறக்கமின்மைதான் ஒரே வேர் என்று நான் சொல்ல வரவில்லை. முன்னால் வருவதெல்லாம் காரணம் ஆகிவிடாது என்பது விஞ்ஞானத்தின் முதற்பாடம். குண்டு விழாமல் உறக்கம் மட்டும் கெட்டு எவருக்கும் மனவடு வருவதில்லை. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அலறும் ஒலிபெருக்கி

பௌதிக ஆசிரியன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். கோவில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்துவிட்டால் காதைப் பிளக்கும் அலறல் எழுகிறதல்லவா? மைக் வாங்கிய சிறு ஓசை, பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் வருகிறது. அதையே மைக் மீண்டும் வாங்குகிறது. மீண்டும் பெருக்கம். நொடிக்குள் சுற்றிச் சுற்றி அலறலாகிறது. இதை நேர்ப் பின்னூட்டம் என்பர்.

மனவடுவும் உறக்கமும் இப்படித்தான் சுற்றுகின்றன. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட உறக்கம் மறுநாள் அச்சத்தைப் பெருக்குகிறது. தட்டு விழுந்தாலும் நெஞ்சு அதிர்கிறது. பிள்ளைகள் மேல் கோபம் வருகிறது. பெருகிய அச்சம் அன்றிரவு உறக்கத்தை இன்னும் கெடுக்கிறது. நாளடைவில் படுக்கையைக் கண்டாலே பயம். "தூங்கினால் கனவு வருமே" என்று விடியும்வரை விழித்திருக்கிறார்கள்.

அலறும் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு, முதலில் பேசியது யார் என்று தேடுவது பயனில்லை. எந்த இடத்திலாவது சுற்றை அறுத்தால் போதும்: மைக்கைத் திருப்பலாம், பெருக்கத்தைக் குறைக்கலாம். 'வாலா, வேரா' என்ற சண்டைக்கும் இதுவே விடை. உறக்கம் அந்தச் சுற்றின் ஒரு கண்ணி. அதுவும் கைக்கு எட்டும் கண்ணி.

குடியும் மாத்திரையும்

கைக்கு எட்டுவது என்றதும் பலருடைய கை எட்டுவது பாட்டிலுக்குத்தான். படத்திலும் தீபன் குடிக்கிறான். நிலவறையில் தனியே பழைய இயக்கப் பாடலை உரக்கப் பாடுகிறான். மனத்தை உலுக்கும் காட்சி. ஆனால் அதன் பின்னான இரவைப் படம் காட்டவில்லை. மது உறக்கத்தை விரைவில் வரவழைப்பது உண்மை. இரவின் முற்பாதியில் அது ரெம் உறக்கத்தை அமுக்குகிறது. மது இறங்கியதும் பிற்பாதியில் ரெம் உறக்கம் பீறிட்டு வருகிறது, கெட்ட கனவுகளையும் கூட்டிக்கொண்டு. கடன் வாங்கிய உறக்கம், வட்டி விடியற்காலையில்.

கடையில் தாமே வாங்கிப் போடும் தூக்க மாத்திரைகளும் வழியல்ல. டயசிபாம் வகை மாத்திரைகள் மனவடுவைக் குணப்படுத்துவதில்லை. பழக்க அடிமைத்தனத்தையும் உண்டாக்கும். இந்நோய்க்கு அவற்றைத் தவிர்க்கும்படியே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பிரசோசின் என்ற இரத்த அழுத்த மருந்து நார்அட்ரினலினின் செயலைத் தடுத்துக் கெட்ட கனவைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் நம்பிக்கையூட்டின. ஆனால் 304 முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில் அது போலி மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. சிலருக்குப் பயன்படலாம் என்று இன்றும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குறட்டையும், உறக்கத்தில் மூச்சடைப்பும் மனவடு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. "திடுக்கிட்டு எழுகிறார்" என்பதில் ஒரு பங்கு மூச்சுக்குழாயின் வேலையாகவும் இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

கனவின் முடிவை மாற்றுதல்

மருந்தில்லாத இரு முறைகளை வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, உறக்கத்துக்கான பழக்கச் சிகிச்சை. 1972இல் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த விதிகள் அதன் அடிப்படை. தூக்கம் வந்தால் மட்டுமே படுக்க வேண்டும். சுமார் 20 நிமிடம் கண் மூடவில்லையென்றால் எழுந்துபோய் வேறிடத்தில் உட்கார வேண்டும். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். 'படுக்கை என்றால் போராட்டம்' என்று மூளை கற்ற பாடத்தை, 'படுக்கை என்றால் உறக்கம்' என்று மாற்றுவதே நோக்கம். 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, பெரியவர்களின் நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இத்தகைய சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இம்முறையையும் விமரிசிக்காமல் விடக்கூடாது. "எழுந்து வேறு அறைக்குப் போ" என்பது பல அறைகள் உள்ள வீட்டுக்காரர் எழுதிய விதி. ஒரே அறையில் குடும்பம் முழுதும் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் எந்த அறைக்குப் போவது? திண்ணைக்கோ வாசலுக்கோ வரலாம். பாயைச் சுருட்டி வைத்துச் சுவரோரம் உட்காரலாம். விதியின் கருத்தை எடுத்துக்கொண்டு, நம் வீட்டுக்கேற்ப மாற்ற வேண்டியது நம் மருத்துவர்களின் கடமை.

இரண்டாவது முறை வியப்பானது. பகலில், விழிப்போடு, அடிக்கடி வரும் கெட்ட கனவு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை விரும்பியபடி மாற்றி எழுத வேண்டும். துரத்துபவன் வழிதவறிப் போகலாம். பூட்டிய கதவு திறக்கலாம். இறந்த தாய் வந்து தலையைத் தடவலாம். மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடங்கள் மனக்கண்ணில் ஓடவிட்டுப் பயில வேண்டும். குழந்தை விளையாட்டுப் போல் தோன்றுகிறதா? பாரி கிராகோவ் என்ற மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன, உறக்கம் மேம்பட்டது, மனவடுவின் பிற அறிகுறிகளும் தணிந்தன. சுற்றை ஓரிடத்தில் அறுத்தால் மற்ற இடங்களிலும் அலறல் அடங்குகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு பயன் தருவதில்லை. பயிற்சி பெற்றவர் துணையோடு செய்வதே நல்லது.

இதைப் படித்தபின் 'தீபன்' படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி எண்ணிப் பாருங்கள். மங்கலான வெயில், பச்சைத் தோட்டம், குழந்தை. நம்ப முடியாத அளவு நிம்மதி. இது உண்மையா, கனவா என்று பார்த்தவர்கள் பலர் ஐயுற்றார்கள். அது தீபனே மாற்றி எழுதிய கனவின் முடிவு என்று கொண்டால், படத்தின் மிக உயர்ந்த காட்சி அதுதான். ஆனால் அப்படிக் கொள்ள இயக்குநர் நமக்கு வழி வைக்கவில்லை. தீபனின் கெட்ட கனவையே நாம் பார்க்காதபோது, மாறிய முடிவை எப்படி அடையாளம் காண்பது? இரவைக் காட்டாததால், தன் சிறந்த காட்சியைப் படமே இழந்துவிட்டது.

ஊர் மாறினால் உறக்கம் வருமா?

படத்தின் முடிவை அப்படியே உண்மை என்று கொண்டால் இன்னொரு பிழை. கத்தியெடுத்தவனுக்கு மனவடு தீர்வதில்லை. ஒரு வடு கூடுகிறது. இங்கிலாந்துக்குக் கப்பலேறியவனின் கூடவே அவன் மூளையின் காவற்காரனும் கப்பலேறுகிறான்.

போர் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. அதன்படி 7 சதவீதத்தினருக்கு மனவடுவின் அறிகுறிகள், 32.6 சதவீதத்தினருக்குப் பதற்ற நோயின் அறிகுறிகள், 22.2 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள். இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களிடம் அவை இன்னும் அதிகம்.

பாரிஸ் வரை போவானேன்? நம் திருச்சி மாவட்டத்திலேயே கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் ஈழத்து மக்கள் வாழ்கிறார்கள். 1983 முதல் அலை அலையாக வந்தவர்கள். 2021இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை நீக்கி 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரிட்டது. நல்ல பெயர். மறுவாழ்வு என்பதில் நல்ல இரவும் அடங்க வேண்டும்.

முதல் வாக்கியம்

தொடங்கிய இடத்துக்கு வருவோம். அந்த மாணவரை மறுவாரம் அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதற்கு வருத்தம் சொன்னேன். பிறகு அப்பாவைப் பற்றிப் பேசினோம். "மனநல டாக்டரிடம் போகச் சொன்னால் அப்பா கோபப்படுவார் சார். நான் என்ன பைத்தியமா என்பார்" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. "எனக்கு மனநோய்" என்று சொல்ல நம் ஊரில் எவரும் கூசுவர். "எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று சொல்ல எவரும் கூசுவதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்கிறோம். ஆகவே அந்த மாணவரிடம், "அப்பா வேறெதுவும் சொல்ல வேண்டாம் தம்பி. அரசு மருத்துவமனைக்குப் போய், தூக்கம் வரவில்லை, கெட்ட கனவு வருகிறது என்று மட்டும் சொல்லட்டும். அது போதும்" என்றேன். நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு, 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை உண்டு, எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

உறக்கமின்மையை வால் என்று ஒதுக்கியதால் நாம் இழந்தது இந்த வாசலைத்தான். மனவடுவின் வீட்டுக்குள் நுழைய வெட்கப்படாமல் திறக்கக்கூடிய கதவு அது ஒன்றே. மருத்துவர்களும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், "என்ன கனவு வருகிறது?" என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

மாணவர்களே, 'தீபன்' படத்தைப் பாருங்கள். பார்க்க வேண்டிய படம்தான். பார்த்து முடித்ததும், படத்தில் இல்லாத இரவுகளையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் முதல் மணி நேரத்திலேயே உறங்கி விழும் தோழர் எவரேனும் இருந்தால், சிரிப்பதற்கு முன் அவர் வீட்டில் நேற்றிரவு யாரெல்லாம் விழித்திருந்தார்கள் என்று கேளுங்கள். நான் முதலில் கேட்கத் தவறிய கேள்வி அது.